முதியோர் கீழே விழாமல் காக்கும் இயன்முறைப் பயிற்சி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஒரு முறை தடுமாறி விழுந்த பெரியவர் இருக்கும் வீடுகளில் உடனே எழும் எண்ணம், "இனி அப்பாவை அதிகம் நடமாட விடக் கூடாது" என்பதாகவே இருக்கிறது. தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாடிப்படி பக்கம் போகவே கூடாது என்கிறார்கள். அன்பினால் செய்யப்படும் இந்த ஏற்பாடு, அவருடைய கால்களில் எஞ்சியிருக்கும் வலுவையும் சில மாதங்களில் கரைத்துவிடுகிறது. அதன்பின் தவிர்க்க முடியாமல் எழுந்து நடக்க வேண்டிய ஒரே இடமான கழிப்பறைக்குப் போகும் வழியில் அவர் மறுபடியும் விழுகிறார்.

ஓய்வு எவ்வளவு விரைவாகத் தசையைக் குறைக்கிறது என்பதை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்ததற்கே, அவர்களுடைய கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசைத்திசு குறைந்துபோனது. இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அதை நிறைவு செய்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்கிறது என்பதே இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. பெரியவரைக் கீழே விழாமல் காக்க வேண்டுமானால் அவரை உட்கார வைப்பதை நிறுத்திவிட்டு, முறையாக நிற்கவும் எழவும் திரும்பவும் பழக்க வேண்டும். அதை எந்த வரிசையில், எவ்வளவு கவனத்துடன் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும், தாமாகவே தொடங்க விரும்பும் பெரியவர்களும் படிப்பதற்காக எழுதப்பட்டது இது.

முதற்படி: பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கடந்த ஓராண்டில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் விழுந்தவர், விழும்போது நினைவு தப்பியவர், நடந்தால் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வருபவர், பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர், அண்மையில் எலும்பு முறிந்தவர் ஆகியோர் தாமாகப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. இவர்கள் முதலில் மருத்துவரையும், அவர் வழியாக இயன்முறை மருத்துவரையும் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்க வேண்டும். மற்றவர்களும் ஒரு முறை மருத்துவரிடம் போய்ப் பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பயிற்சியால் சரியாகாத காரணங்கள் சில உண்டு.

அவற்றில் முதலாவது, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கிப்போவது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதிகாலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. இதற்குப் பெரும்பாலும் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரை, மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் சளி மாத்திரை என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது தலைசுற்றல். படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுழல்வது போல் சில நொடிகள் இருந்து அடங்குகிறது என்றால், அது உள்காதில் நகர்ந்துவிட்ட நுண்துகள்களால் வருவதாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் திருப்பும் எப்லி முறையால் காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ பலருக்கு ஒன்றிரண்டு அமர்வுகளிலேயே இதைச் சரிசெய்துவிடுகிறார்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் நீரிழிவு மிகுந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தரை எப்படி இருக்கிறது என்ற தகவலைப் பாதம் மூளைக்கு அனுப்பாவிட்டால், கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இருட்டில் தடுமாறத்தான் செய்யும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே செய்யும் மூன்று சோதனைகள்

இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் தொடங்கினால், முன்னேற்றம் இருக்கிறதா என்பதும் தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் முதியோர் நலப் பணியாளர்களுக்குப் பரிந்துரைக்கும் மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கடிகாரமும் நாட்காட்டியும் இருந்தால் போதும். முடிவை நாட்காட்டியில் அன்றைய தேதியிலேயே குறித்து வையுங்கள்.

ஒன்று, நாற்காலிச் சோதனை. சுவரை ஒட்டிப் போடப்பட்ட, கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயரமுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இவற்றுக்குக் கீழே போனால் கால் வலு வயதுக்கு உரிய சராசரியை விடக் குறைவு என்று பொருள். கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்களும் சில மாதங்களில் எழுந்து நிற்கிறார்கள்.

இரண்டு, எழுந்து நடந்து திரும்பும் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் மூன்று மீட்டர் தூரத்தில் போட்ட கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர் தடியுடனே நடக்கலாம். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து கூடியிருக்கிறது. நேரத்தை மட்டும் பார்க்காமல் நடையையும் கவனியுங்கள்: திரும்பும் இடத்தில் தள்ளாடுகிறாரா, சுவரைத் தேடிக் கை போகிறதா, உட்காரும்போது தொப்பென்று விழுகிறாரா என்பவை இயன்முறை மருத்துவருக்கு மிகவும் பயன்படும் தகவல்கள்.

மூன்று, நிற்கும் சோதனை. இரு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 நொடி. ஒரு பாதத்தின் உட்பக்க வளைவை மற்றதன் பெருவிரல் தொடும்படி வைத்து 10 நொடி. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 நொடி. கடைசியாக ஒற்றைக் காலில் 10 நொடி. மூன்றாவது நிலையில் 10 நொடி தாக்குப்பிடிக்க முடியாதவருக்குச் சமநிலைப் பயிற்சி கட்டாயம் தேவை.

மூன்றாம் படி: தகுந்த இயன்முறை மருத்துவரைக் கண்டடைதல்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பதும் ஒரு பகுதியாக இருக்கிறது. வெளியே வர முடியாதவர்களுக்கு இதைக் கேட்டுப் பெற, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்புகள் உண்டு. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கென்று முன்னோடியாக ஒரு துறை 1978இல் தொடங்கப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. எங்கே கேட்பது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

தனியாரிடம் போவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். கீழே விழுந்துவிட்டேன், நடக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லிப் போன பெரியவரைப் பத்து நாளும் படுக்க வைத்து, முட்டிக்குக் கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. வலி குறைய இவை உதவலாம். விழுவதைத் தடுக்க உதவாது. நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாளிலேயே பெரியவரை எழுந்து நிற்கச் சொல்வார், நடக்கச் சொல்வார், எங்கே எப்போது எப்படி விழுந்தீர்கள் என்று விவரமாகக் கேட்பார், வீட்டில் படிகள் எத்தனை என்று கேட்பார், செருப்பைத் திருப்பிப் பார்ப்பார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: "இவருக்கு வலு குறைவா, சமநிலை குறைவா, இரண்டுமா?" என்பது ஒன்று, "வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள், எந்தெந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்ய வேண்டும், எப்போது கடினமாக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பயிற்சிகள்

இந்தத் துறையில் உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முன்மாதிரி நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவானது. 1990களில் அங்கே எண்பது வயதைக் கடந்த பெண்களிடம் முதலில் சோதிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், கால் வலுவுக்கு 5 பயிற்சிகளும் சமநிலைக்கு 12 பயிற்சிகளும் இருக்கின்றன. இயன்முறை மருத்துவர் சில முறை மட்டும் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். பெரியவர் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் போல, தாமே செய்வார். வாரத்துக்கு இரண்டு நாளாவது நடைப்பயிற்சியும் செய்வார். நான்கு ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,016 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுந்த எண்ணிக்கையும் விழுந்து அடிபட்ட எண்ணிக்கையும் 35 விழுக்காடு குறைந்திருந்தன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது மொத்தத்தில் 23 விழுக்காடு குறைந்திருப்பது தெரிந்தது. அதே தொகுப்பு, வெறும் நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் காட்டியது. "தினமும் காலையில் வாக்கிங் போகிறேனே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தடுமாறும்போது உடலைப் பிடித்து நிறுத்தும் திறனை அது மட்டுமே கொடுத்துவிடாது.

இடம் முதலில். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கி நகரும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிடித்துக்கொள்ளச் சமையல் மேடையின் விளிம்போ, நம் வீட்டு ஜன்னல்களின் இரும்புக் கம்பியோ மிகப் பொருத்தமானவை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். காலைச் சிற்றுண்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யவே கூடாது. எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாகவே ஓடும்.

வலுவுக்கான பயிற்சிகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், எழுந்து உட்காருவதைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலியின் முன்பகுதிக்கு நகர்ந்து வந்து, குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு பாதத்தின் விரல்களுக்கு நேர் மேலே வரும் வரை முன்னே சாய்ந்து, அதன்பின் எழ வேண்டும். சாயாமல் நிமிர்ந்தபடியே எழ முயல்வதால்தான் பலர் பின்னோக்கி விழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக இறங்க வேண்டும். உண்மையான பயிற்சி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முடியாதவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான மெத்தைத் துண்டையோ மடித்த ஜமுக்காளத்தையோ போட்டு உயரத்தைக் கூட்டி, கைகளை ஊன்றித் தொடங்கலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள். பத்து எளிதானதும் சற்று ஓய்வெடுத்து இன்னொரு பத்து. அதுவும் எளிதானதும் ஜமுக்காளத்தின் ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

அடுத்து, சமையல் மேடையைப் பிடித்து நின்று குதிகால்களை உயர்த்தி இறக்குவதும், பின்னர் குதிகாலில் நின்று விரல் பகுதியை உயர்த்துவதும். இரண்டாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசை வலுவிழந்தால், நடக்கும்போது விரல் நுனி தரையிலிருந்து போதிய உயரம் எழாது. நிலைப்படியிலும் மிதியடியின் ஓரத்திலும் கால் தட்டி முன்புறமாக விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவதாக, நின்றபடியே ஒரு காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது. உடலை மறுபக்கம் சாய்க்காமல், விரல்கள் முன்னோக்கிப் பார்த்தபடி, ஓரடி அளவுக்கு உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பைச் சரியாமல் தாங்குவது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் விழுவதால் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். இவற்றுடன், உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவதையும், நின்றபடி குதிகாலைப் பின்புறம் உயர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து முறை எளிதாக வந்த பிறகு, இயன்முறை மருத்துவரைக் கேட்டு, கணுக்காலில் அரைக் கிலோ அல்லது ஒரு கிலோ மணல் பை கட்டிச் செய்யலாம்.

சமநிலைப் பயிற்சிக்கு வருவோம். மேலே சொன்ன நிற்கும் சோதனையின் நான்கு நிலைகளே இங்கே பயிற்சியாகவும் ஆகின்றன. எந்த நிலையில் உங்களால் நிற்க முடிகிறது, ஆனால் லேசாக ஆட்டம் காண்கிறதோ, அங்கே தொடங்குங்கள். அந்த ஆட்டம் அவசியம். அசையாமல் நிற்க முடிகிற நிலையிலேயே நின்றுகொண்டிருந்தால் உடல் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. குழந்தை தடுமாறித் தடுமாறியே நடை பழகுவதைப் போல, கணுக்காலும் இடுப்பும் நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும் வேலையைச் செய்யும்போதுதான் சமநிலை வளர்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இந்த ஆட்டத்தைக் கண்டு பதறி நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். முதல் வாரம் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கம்பிக்கு மேலே தொடாமல் கையை வைத்துக்கொண்டு என்று பிடியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு படிகளைத் தாண்டக் கூடாது.

நின்ற நிலை பழகியதும் நகர்வு. மேடையை ஒட்டியபடி பக்கவாட்டில் பத்து அடி போய் வருவது, பின்னோக்கி நடப்பது, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்துக் கோட்டின் மேல் நடப்பது, இரண்டு நாற்காலிகளைச் சுற்றி எட்டு வடிவில் நடப்பது என்ற வரிசையில் போங்கள். எட்டு வடிவ நடை முக்கியமானது. திரும்பும்போதுதான் பலர் விழுகிறார்கள், வீட்டுக்குள் நடப்பதில் பாதி திரும்புவதுதான். ஒரே காலை ஊன்றிச் சட்டென்று சுழலாமல், சிறுசிறு அடிகளாக வைத்துத் திரும்பப் பழக்குங்கள்.

கடைசிப் படியாக, நடந்துகொண்டே பேசுவது. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மற்றவை எளிதான பிறகு, நடந்தபடியே தமிழ் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்

ஒருநாள் விட்டு ஒருநாள் வலுப் பயிற்சி போதும்; தசைக்கு இடைவெளி வேண்டும். சமநிலைப் பயிற்சியைத் தினமும் செய்யலாம். வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் அளவுக்குச் சவாலான பயிற்சி செய்பவர்களுக்கே பலன் அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் முதல் வாரத்திலேயே அந்த அளவை எட்ட முயல வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அரை மணி நேரம் ஒதுக்க மனமில்லாதவர்கள், தொலைக்காட்சித் தொடரில் ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் ஐந்து முறை எழுந்து உட்காரலாம். இப்படி அன்றாட வேலைகளுக்குள் பயிற்சியைக் கலந்துவிடும் முறையை ஆஸ்திரேலியாவில் சோதித்து 2012இல் வெளியிட்டபோது, விழுவது 31 விழுக்காடு குறைந்திருந்தது.

தொடையிலும் கெண்டைக்காலிலும் ஓரிரு நாள் இருக்கும் சோர்வு வலி இயல்பானது. மூட்டு வீங்கினால், நெஞ்சு இறுகினால், கண் இருட்டினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மூன்று சோதனைகளையும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்து நாட்காட்டியில் எழுதுங்கள். பலன் தெளிவாகத் தெரியச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் நிறுத்திவிட்டால் பெற்ற வலு மெல்லக் குறைந்துவிடும் என்பதால், பல் துலக்குவதைப் போல் இதையும் நிரந்தர வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

கைத்தடியும் காலணியும்

தடி பிடிப்பதை மானக்குறைவாக எண்ணும் பெரியவர்கள் ஏராளம். தவறான உயரத்தில் பிடிப்பவர்களும் ஏராளம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி இருக்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.

வீட்டுக்குள் செருப்பு அணியாத வழக்கம் நமக்கு உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று பின்வார் உள்ள, அடிப்பகுதி சொரசொரப்பான ஒரு ஜோடியைத் தனியாக வாங்கி வையுங்கள். ஹவாய்ச் செருப்பும், வழவழப்பான டைல்ஸ் தரையில் காலுறை மட்டும் போட்டு நடப்பதும் கூடாது.

வீட்டில் மாற்ற வேண்டியவை

படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியை முதலில் கவனியுங்கள். இரவில் பெரியவர் அடிக்கடி நடக்கும் பாதை அதுதான். சிறு இரவு விளக்கு, வழியில் ஒயரோ மிதியடியோ இல்லாமை, கொசுவலையின் விளிம்பு காலில் சிக்காதபடி செருகி வைத்தல் ஆகியவை போதும். கழிப்பறை வெளியே தனியாக இருக்கும் வீடுகளில் இரவுக்குப் படுக்கையருகே ஒரு பாத்திரம் வைப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கழிப்பறையில் சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. குளிக்கும்போது முக்காலியில் உட்கார்ந்து குளிக்கச் சொல்லுங்கள். சீயக்காயோ சோப்போ போட்டுக் கண்ணை மூடியிருக்கும் அந்த அரை நிமிடத்தில், ஈரத் தரையில், சமநிலைக்கு உதவும் பார்வையும் இல்லாமல் போகிறது. கண்ணை மூடிச் சாமி கும்பிடும்போதும் ஒரு கை சுவரைத் தொட்டிருக்கட்டும். பரணிலிருந்து எடுக்க வேண்டிய பொருள்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வேட்டி, லுங்கி, கால்சட்டை எதுவானாலும் கட்டிலில் உட்கார்ந்து அணியப் பழக்குங்கள்.

தரையிலிருந்து எழுதல்

விழுந்தவர் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பது, விழுந்ததை விடப் பெரிய கேட்டைத் தரலாம். ஆகவே எழுவதை முன்கூட்டியே, இயன்முறை மருத்துவர் அருகிலிருக்கும்போது, பாய் விரித்துப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் அவசரப்படாமல் மூச்சை ஆசுவாசப்படுத்திக்கொண்டு, கைகால்களை அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு இரு கைகளும் இரு முழங்கால்களும் தரையில் இருக்குமாறு வர வேண்டும். அப்படியே தவழ்ந்து கட்டிலையோ கனமான நாற்காலியையோ அடைந்து, இரு கைகளையும் அதன் மேல் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, அழுத்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் உடனே நடக்கக் கூடாது. முழங்கால் தேய்மானத்தால் மண்டியிட முடியாதவர்கள், உட்கார்ந்தபடியே பின்னோக்கி நகர்ந்து படிக்கட்டை அடைந்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறி உட்கார்ந்து எழலாம்.

விழுந்தவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்புக் கவட்டியில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருத்தல், காலை ஊன்ற முடியாமை ஆகியவை இடுப்பு எலும்பு முறிவின் அறிகுறிகள். எண்ணெய் தேய்த்து உருவி விடுவதோ கட்டுப் போடுமிடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோவதோ வேண்டாம். அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடுத்த சில வாரங்களில் தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பம் தோன்றினாலும் அப்படியே.

அடி ஒன்றும் இல்லை என்று உறுதியானாலும், விழுந்த இடம், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, காலில் என்ன அணிந்திருந்தார், அன்று புதிதாக ஏதேனும் மாத்திரை சாப்பிட்டாரா என்பவற்றை அதே நாட்காட்டியில் எழுதி அடுத்த முறை இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் பயிற்சியை மறுபடியும் தொடங்க வேண்டும். முன்பு எந்த நிலையில் இருந்தாரோ அதற்கு ஒரு படி கீழே, இரு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தொடங்கி, பயம் குறையக் குறையப் பிடியைத் தளர்த்தலாம்.